ஆறுக்கு ஆறு வாங்கிய பெட்டி

வாலாஜாபேட்டை பஜாரில் ஆன்டிவைரஸ் வாங்கப் போனால் கடைக்காரர் வைரஸைப் பற்றிப் பேசமாட்டார், மார்க்கைப் பற்றித்தான் பேசுவார். "ஜெர்மனிக்காரன் டெஸ்ட் பண்ணி ஆறுக்கு ஆறு குடுத்திருக்கான் சார், இதான் நம்பர் ஒன்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். பக்கத்துப் பெட்டியைத் தொட்டு, "இது 99.3தான் சார்" என்பார், ஏதோ அரியர் வைத்த பிள்ளையைச் சொல்வதுபோல. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் தைக்கிற யூனிட்டானாலும் சரி, மேல்விஷாரத்து டேனரியின் கணக்கு அறையானாலும் சரி, வாங்குகிறவர் அந்தப் பேச்சைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். 'இந்த ஆண்டின் சிறந்த பத்து' என்று பட்டியல் போடுகிற பத்திரிகைகளும் இதையேதான் சொல்கின்றன. எதற்கு மார்க் அதிகமோ அதில் பாதுகாப்பு அதிகம். அதை வாங்கிப் போட்டுவிட்டால் கவலை விட்டது.

இதை நான் மறுக்கிறேன். சோதனைக்கூடங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அவை உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் நம்முடைய கேள்வி ஒன்று, அவை பதில் சொல்லியிருக்கும் கேள்வி வேறொன்று. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பெட்டியின் மேல் ஒட்டி விற்கிறார்கள்.

முதலில் அந்த ஜெர்மனிக்காரர் யார் என்று பார்த்துவிடலாம். மாக்டபுர்க் நகரத்து ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள்களைச் சோதித்து, பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று தலைப்பில் தலைக்கு ஆறு மதிப்பெண் போடுகிறது. மொத்தம் 18. அதில் 10 எடுத்தாலே சான்றிதழ் உண்டு. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கில் ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் இருக்கிறது. இங்கிலாந்தில் வைரஸ் புல்லட்டின் 1998 முதல் வி.பி.100 என்ற முத்திரையைத் தருகிறது. உலகம் முழுக்கப் பெட்டிகளில் ஒட்டப்படும் நட்சத்திரங்களும் கேடயங்களும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கைப்பிடி கூடங்களிலிருந்து வருபவைதான். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் ஆகிய நம் நிறுவனங்களும் இந்த வரிசையில் நின்று முத்திரை வாங்கியவையே. இவர்களின் வேலை லேசானதல்ல. நாளொன்றுக்கு நாலரை லட்சத்துக்கும் மேல் புதிய தீநிரல்களைப் பதிவு செய்வதாக ஏ.வி.-டெஸ்ட் சொல்கிறது. அந்தக் கடலிலிருந்து சில நூறு புதுத் தாக்குதல்களையும், கடைசி நான்கு வாரங்களில் பரவலாகத் தென்பட்ட சில ஆயிரங்களையும் அள்ளி எடுத்து, ஒவ்வொரு மென்பொருளும் எத்தனையைத் தடுத்தது என்று எண்ணுகிறார்கள்.

சோதனை அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்று தோல் விளைகிற ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலில் குரோம் சிக்ஸ் என்கிற நச்சுக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டால் ஐரோப்பாவில் விற்க முடியாது. 2015 மே 1 முதல் அது அங்கே சட்டம். அந்தச் சரக்கை இங்கே யாரும் தொட்டியில் போடுவதில்லை. போடுவது குரோமியம் மூன்று. வெப்பம், வறண்ட காற்று, தோலில் ஏற்றிய எண்ணெய் எல்லாம் சேர்ந்து பிற்பாடு, கன்டெய்னரிலோ கிடங்கிலோ, மூன்றை ஆறாக்கிவிடலாம். இங்கே பாஸான தோல் ஹாம்பர்க் போய் ஃபெயிலாகக்கூடும். அதனால்தான் துண்டை 80 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்து எடுத்த பிறகு சோதிக்கச் சொல்லும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். துண்டை எங்கே வெட்டுவது என்பதற்கே ஐ.எஸ்.ஓ. 2418 என்று தனித் தரம் உண்டு. முதுகுப் பக்கம் இறுகியிருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று வரும். எங்கே வெட்டினாலும் ஒரே முடிவு வராது. அறிக்கையின் அடியில் ஒரு வரி நிற்கும்: இந்த முடிவு சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். டேனரி முதலாளிக்கு இதெல்லாம் மனப்பாடம். அதே முதலாளி ஆன்டிவைரஸ் பெட்டியைக் கையில் எடுத்ததும், மாதிரி எது, யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டியதுதான். குரோம் சிக்ஸ் சட்டம் அமலுக்கு வந்த அதே சமயத்தில், 2015 ஏப்ரல் கடைசியில், மேலே சொன்ன மூன்று கூடங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. சீனாவின் சீஹூ 360 நிறுவனம் சோதனைக்கு அனுப்பிய மென்பொருளில் ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் எஞ்சின் ஓடியது. சொந்த நாட்டில் வாடிக்கையாளர்களுக்குப் போன பதிப்பில் அந்த எஞ்சின் அணைத்து வைக்கப்பட்டு, நிறுவனத்தின் சொந்த எஞ்சின்தான் ஓடியது. சாம்பிள் ஒரு தோல், லாட் வேறு தோல். கண்டுபிடித்ததும் அந்த ஆண்டு கொடுத்த முத்திரைகளைக் கூடங்கள் பிடுங்கிக்கொண்டன.

இந்தக் கதையைக் கேட்டதும் எதிர்த் திசைக்குப் பாய்கிறவர்கள் உண்டு. "எல்லாம் காசு வாங்கிட்டுப் போடுற மார்க்குங்க" என்பார்கள். ஆன்டிவைரஸ் கம்பெனியே வைரஸ் செய்து விடுகிறது என்ற பழைய டீக்கடைப் பேச்சும் கூடவே வரும். சோதனைக்கான செலவில் பெரும்பங்கை மென்பொருள் நிறுவனங்களே கட்டணமாகக் கொடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் கட்டணம் கட்டிய சீஹூவைத்தானே ஊரறிய அம்பலப்படுத்தினார்கள்? தோல் சோதனைக்கும் டேனரிதான் பணம் கட்டுகிறது. அதற்காக எல்லா அறிக்கையும் பொய் என்று யாரும் சொல்வதில்லை. இந்த அவநம்பிக்கையும் அந்த மார்க் மோகம் மாதிரியே ஒரு சோம்பல். இரண்டிலும் அறிக்கையைப் படிக்கிற வேலை மிச்சம்.

படித்தால் என்ன தெரியும்? முதலில் அந்தத் தசமப் புள்ளியின் லட்சணம் தெரியும். ஒரு சோதனையில் 400 தாக்குதல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள் 399-ஐத் தடுத்தால் 99.75 சதவீதம். இன்னொன்று 398-ஐத் தடுத்தால் 99.5. கடைக்காரர் முகம் சுளிக்கிற வித்தியாசம் முழுவதும் ஒரே ஒரு கோப்பு. நானூறையும் தடுத்து நூறு வாங்கியதையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: ஒரு தவறும் வராமல் முடிந்த சோதனையில், மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற அளவு வரைக்கும் உண்மையான தவறு ஒளிந்திருக்கலாம். மூன்றை நானூறால் வகுத்தால் முக்கால் சதவீதம். ஆக, இன்றைக்கு நூறு வாங்கியது அடுத்த சுற்றில் 99.3 வாங்கினால் அது கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. முதலிலிருந்தே அது அப்படியே இருந்திருக்கலாம். கூடங்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் நெருங்கிய மதிப்பெண்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து ஒரே தரத்தில் வைப்பது இதனால்தான். அந்த எச்சரிக்கை அறிக்கையோடு நின்றுவிடுகிறது, பெட்டிக்கு வருவதில்லை. ஏ.வி.-டெஸ்டிலோ ஒரே சுற்றில் பல மென்பொருள்கள் ஆறுக்கு ஆறு வாங்குகின்றன. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரும் 18-க்கு 18 எடுத்த சுற்றுகள் பல. அதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் பெட்டி எப்படி விற்கும்?

'பயன்பாடு' என்ற மூன்றாவது தலைப்பைப் பார்த்துவிட்டு, கையாள எளிது போலிருக்கிறது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அங்கே எண்ணப்படுவது தவறான எச்சரிக்கைகள். நல்ல கோப்பைக் கெட்டது என்று எத்தனை முறை பிடித்தது என்ற கணக்கு. இது முக்கியமான கணக்குதான், ஆனால் உலகமெங்கும் பலர் பயன்படுத்தும் நல்ல மென்பொருள்களை வைத்துப் போட்ட கணக்கு. வேலூரில் ஒருவர் நாலு டேனரிக்கும் ரெண்டு ஜவுளிக்கடைக்கும் எழுதிக்கொடுத்த பில்லிங் புரோகிராம் அந்தக் குவியலில் எங்கே இருக்கப்போகிறது? இன்றைய பாதுகாப்பு மென்பொருள்கள் ஒரு கோப்பு உலகில் எத்தனை கணினியில் தென்பட்டது என்பதையும் பார்த்துச் சந்தேகப்படுகின்றன. நாலு இடத்தில் மட்டும் இருக்கும் கோப்பு அவற்றின் கண்ணுக்குத் திருடன் மாதிரித் தெரியும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் திறக்கவில்லை என்று கூச்சல் வந்தால், சர்வீஸ் பையன் வந்து என்ன செய்வான்? அந்த ஒரு கோப்புக்கு விலக்குத் தந்தால் போதும். அவன் டி டிரைவ் முழுவதற்கும் விலக்குப் போட்டுவிட்டுப் போவான். அந்த நிமிடத்திலிருந்து ஆறுக்கு ஆறு என்பது சி டிரைவுக்கு மட்டும்.

இங்கேதான் விஷயத்தின் கனம் இருக்கிறது. இன்ஸ்ப்ரக்கில் சோதனைக்கு வைக்கும் கணினியில் அசல் விண்டோஸ், எல்லாப் புதுப்பிப்புகளும் போட்டது, இணையம் தடையில்லாமல் ஓடுகிறது, ஆன்டிவைரஸுக்கு உயிர் இருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் மேசைக்கு அடியில் இருக்கும் கணினியின் கதையே வேறு. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கைவிட்ட விண்டோஸ் 7 இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 அதைவிட அதிக இடங்களில் ஓடுகிறது. பல கணினிகளில் விண்டோஸே திருட்டு நகல். அதை 'ஆக்டிவேட்' பண்ணுகிற குட்டி நிரலை எந்த உருப்படியான ஆன்டிவைரஸும் பிடிக்கும் என்பதால், முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் அதை ஓட்டுகிறார்கள். பிறகு, மறந்துபோகாமல் இருந்தால், திரும்பப் போடுகிறார்கள். நம்பர் ஒன் பெட்டியை வாங்கி அதே கணினியில் போட்டால் அதற்கு எத்தனை மார்க்? அந்தக் கணினியை வைத்து யாரும் சோதித்ததே இல்லை.

2017 மே மாதம் வானாக்ரை என்ற கிருமி பரவியபோது பக்கத்துத் திருப்பதியில் தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் முடங்கின. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆதரவில் இருந்த விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் இருந்தது, அதுவும் இலவசமாக. அந்த இரண்டு மாதத்தில் எந்தப் பெட்டி முதலிடம், எது மூன்றாமிடம் என்று ஆராய்ந்து கொண்டிருந்தவர்களைவிட, 'அப்டேட்' பொத்தானை அமுக்கியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அடுத்து, நம் பணம் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஆம்பூரிலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ இத்தாலிக்குச் சரக்கு போகிறது. பேச்செல்லாம் மின்னஞ்சலில். எப்போதோ ஒருநாள் ஏற்றுமதி கிளார்க் ஒரு போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறார். திருடன் உடனே எதையும் செய்யமாட்டான். உள்ளே உட்கார்ந்து படிப்பான். வரும் கடிதங்கள் தனக்கும் ஒரு நகல் வரும்படி விதி போட்டுவைப்பான். புரோஃபார்மா இன்வாய்ஸ் போகிற வாரத்தில், கம்பெனி பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து இத்தாலிக்காரருக்குக் கடிதம் போகும்: ஆடிட் நடப்பதால் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்த எண்ணுக்கு அனுப்பவும். அவரும் அனுப்பிவிடுவார். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் வரவில்லை என்று இங்கே தெரியும். இந்தக் கதை முழுவதிலும் நம் கணினியில் ஒரு தீநிரல்கூட இல்லை. பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் 99.9 என்ன, முழு நூறுதான் என்ன செய்யும்?

இது தோல் வட்டாரத்துக்கு மட்டுமான கதை இல்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உதவும் ஸ்விஃப்ட் அமைப்பில் புகுந்தவர்கள், ஏறத்தாழ 20 லட்சம் டாலரை துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்கு அனுப்பப் பார்த்தார்கள். பரிவர்த்தனைச் சீட்டு அச்சாகிற பிரிண்டரையே முடக்கியிருந்தார்கள். விஷயம் வெளிவந்தது மறுநாள் கணக்கை ஒத்துப்பார்த்தபோது. ஒரு வங்கியே வைத்திருக்கக்கூடிய பாதுகாப்பு மென்பொருளையெல்லாம் தாண்டி வந்த திருட்டை, வரவு செலவைச் சரிபார்க்கும் பழைய பழக்கம் பிடித்தது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினியில் டிட்ராக் என்ற உளவு நிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கழகத்துக்குத் தகவல் தந்தது அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன், மேசையில் இருந்த கணினியில் எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் எழுந்து யாரையும் எழுப்பியதாகக் கேள்வியில்லை.

இன்னொரு வழி தொலைபேசி. 'பேங்க்லேர்ந்து பேசறேன்' என்பவன், தூரத்திலிருந்தே நம் கருவியை இயக்க விடும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்வான். அது முறையான மென்பொருள். அதை ஆன்டிவைரஸ் தடுத்தால்தான் தவறு, தடுக்காவிட்டால் சரி. இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

சரி, கூடங்கள் வேண்டாம், ஆயிரம் பேர் பயன்படுத்திக் கொடுத்த நட்சத்திரத்தை நம்புகிறேன் என்றால் அது இன்னும் மோசம். 2014 ஏப்ரலில் கூகுள் பிளேயில் வைரஸ் ஷீல்டு என்று ஒரு செயலி. விலை ஏறத்தாழ 4 டாலர், விற்பனை 10,000-க்கும் மேல், மதிப்பீடு ஐந்துக்கு 4.7. அது செய்த வேலை ஒன்றுதான்: தொட்டால் பெருக்கல் குறி டிக் குறியாக மாறும். வேறு எதுவும் இல்லை. அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்களுக்கு அந்த டிக் குறியே போதுமாக இருந்தது. 2019-இல் ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் 250 ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்துப் பார்த்தது. தீய செயலிகளில் முப்பது சதவீதத்துக்கு மேல் பிடித்து, நல்ல செயலியைத் தவறாகப் பிடிக்காமலும் இருந்தவை 80 மட்டுமே. சில செயலிகள் தங்கள் பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் வைரஸ் என்றன. பட்டியலில் தம்மைச் சேர்க்க மறந்துபோன ஒருசில, தம்மைத் தாமே வைரஸ் என்று அறிவித்தன. இப்படிப்பட்ட பொய்ச் சரக்கைக் கழித்துக்கட்டுவதில் கூடங்களின் வேலை மதிப்புள்ளது. உதவாததை அவை காட்டிக்கொடுக்கும். உதவுகிற பத்துப் பெட்டிகளுக்குள் எது மேல் என்பதைத்தான் அவற்றின் எண்களால் சொல்ல முடியாது, நாமோ அதற்காகவே அந்த எண்களைப் பார்க்கிறோம்.

மார்க் பட்டியலில் இடமே இல்லாத விஷயங்களும் இருக்கின்றன. ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 2014 முதல் 2020 வரை விற்றது. அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அந்த ஆண்டுகளிலெல்லாம் அவாஸ்டின் பாதுகாப்பு மார்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வைரஸ் எதுவும் வரவில்லை, காவலுக்கு வைத்ததே வீட்டைப் பூட்டிக்கொண்டது.

"அப்போ ஆன்டிவைரஸே வேணாங்கிறீங்களா?" என்று கேட்பார்கள். வேண்டும். முதல் தரக் கூட்டத்தில் இருக்கிற ஏதாவது ஒன்று போதும், அது விண்டோஸோடு வரும் டிஃபெண்டராக இருந்தாலும் சரி. பெட்டிக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கலாம். வாரம் ஒருமுறை டேலி கணக்கையும் ஆர்டர் கோப்புகளையும் அதில் நகலெடுத்து, எடுத்ததும் கழற்றிப் பூட்டி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற கிருமி அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்தும் பாருங்கள். கிருமி ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற அரசு மையம் 2017 முதல் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. நம் ஊரில் இதைச் சொன்னால் பெயரே புதிதாக இருக்கிறது என்கிறார்கள். கடைக்காரரிடம் மார்க் கேட்பதற்குப் பதிலாக, விலக்குப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் முழு டிரைவ் இருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்றுமதி செய்கிறவர் மின்னஞ்சலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றைக்கே போடலாம், செலவில்லை. புரோஃபார்மா இன்வாய்ஸின் அடியில் ஒரு வரி சேர்க்கலாம்: எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மின்னஞ்சலில் சொல்லமாட்டோம், அப்படி ஒரு கடிதம் வந்தால் பணம் அனுப்பும் முன் தொலைபேசியில் கேளுங்கள். கேட்க வேண்டிய எண் அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணாக இருக்கக்கூடாது, பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். அதையும் மீறிப் பணம் போய்விட்டால், தெரிந்த உடனே, அடுத்த நாளுக்குத் தள்ளாமல், வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்ல வேண்டும்.